கண்மாய் இருக்கிறது, வரத்துக்கால் எங்கே?

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வெளியே பார்த்துக்கொண்டே போங்கள். காடு வரும், அது முடிந்து ஒரு கண்மாய்க்கரை, கரைமேல் நாலைந்து பனை, அப்புறம் வரிசை பிடித்து நிற்கும் தைலமரம் (நம்ம பக்கம் ஆர்.எஸ்.பதி என்றால்தான் தெரியும்), பிறகு மஞ்சள் கல் ஊன்றிய பிளாட், அதை ஒட்டிச் சீமைக்கருவேலம், ஒரு அய்யனார் கோவில், கோவிலைச் சுற்றி யாரும் கத்தி வைக்காத மரக்கூட்டம். கார்த்திகை மாதத்தில் பார்த்தால் எல்லாமே ஒரே பச்சைதான். ஆனால் இதில் எது எதோடு சேர்ந்தது, எதைக் கெடுத்தால் எது கூடவே போகும் என்று பஸ்ஸிலிருந்து சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடித்துத் தாளில் போடுவதைத்தான் பசுமைக் கட்டமைப்பு வரைபடம் என்கிறார்கள்.

பெயரைக் கேட்டதும் மரம் நடும் விழா என்று நினைத்துவிடாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கட்டமைப்பு என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். ரோடு, கரண்டு, குடிநீர்க் குழாய் எல்லாம் கட்டமைப்பு. ஊருக்கு வரும் கரண்டு லைனில் ஒரே ஒரு கம்பம் சாய்ந்தாலும் ஊரே இருட்டாகிவிடும், மீதிக் கம்பமெல்லாம் நிற்கிறதே என்று யாரும் சமாதானம் சொல்ல மாட்டார்கள். காடு, கண்மாய், ஓடை, மேய்ச்சல் நிலம், கோவில் காடு, ஊருணி, வயல் எல்லாம் சேர்ந்து மழைநீரைப் பிடிக்கின்றன, நிலத்துக்குள் இறக்குகின்றன, வெயிலைத் தணிக்கின்றன, பறவைக்கும் தேனீக்கும் இடம் தருகின்றன, ஆடுமாட்டுக்குத் தீனி தருகின்றன. இதுவும் ஒரு லைன்தான், எங்காவது அறுந்தால் அடுத்த முனையில் வேலை நின்றுபோகும். ஒரே வித்தியாசம், கரண்டு போனால் அந்த நிமிடமே தெரிந்துவிடும், இது அறுந்தது தெரிய பத்து வருடம் ஆகும்.

செட்டிநாட்டில் இதைப் புரியவைப்பது சுலபம். இந்தப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. கேட்பதற்கு நிறைய மாதிரி இருக்கும், ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். வருடம் முழுக்க ஓடும் ஆறு என்று எதுவும் கிடையாது. அதனால் ஓடுகிற தண்ணீரை நிறுத்தி நிறுத்தி அனுப்ப வேண்டியிருந்தது. மேல் கண்மாய் நிறைந்ததும் கலுங்கு (மிச்சத் தண்ணீர் வெளியேறக் கட்டிய கல்கட்டு) வழியாக வழியும், வழிந்த தண்ணீர் மறுகாலில் ஓடி அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கே அதற்குப் பெயர் வரத்துக்கால். ஒரு கண்மாயின் மிச்சம் அடுத்த கண்மாயின் வரவு. இப்படியே ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சங்கிலி போல இறங்கி, கடைசியில் கிழக்கே கடலைப் பார்த்துப் போய்விடும். தமிழ்நாட்டில் மொத்தம் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் என்று அடிக்கடி படிக்கிறோம், எண்ணிக்கை சரி, ஆனால் அவற்றுக்கு நடுவே எத்தனை கால்கள் இன்னும் ஓடுகின்றன என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்.

ஊருக்குள்ளேயும் இதே கணக்குதான். பழைய நகரத்தார் வீடுகளில் நாலு பக்க ஓட்டுக் கூரையிலிருந்தும் மழை முற்றத்தில் இறங்கும், முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததை அண்டாவில் பிடிப்பார்கள், மிச்சம் வடிகால் வழியாகத் தெருவுக்கு வந்து ஊருணிக்குப் போகும். கல்படி கட்டி, சுற்றுச்சுவர் வைத்து அவ்வளவு செலவு செய்தது அழகுக்காக மட்டும் இல்லை. காரைக்குடி குடிக்கிற சம்பை ஊற்றுத் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கிய மழைதான், வேறெங்கிருந்தும் வந்ததில்லை.

சரி, வரைபடத்துக்கு வருவோம். இதில் அடிப்படையாக மூன்று உறுப்புகள். முதலாவது மையம், அதாவது உயிர்கள் பெருகி வாழும் அளவுக்குப் பெரிய இடம். இரண்டாவது இணைப்பு, ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரோ விதையோ விலங்கோ போய்வரும் வழி. மூன்றாவது படிக்கல். தனித்தனியாக இருக்கும் சின்னச் சின்ன இடங்கள், தொடர்ந்த வழி இல்லாவிட்டாலும் ஆற்றில் கல் தாண்டுவது போல இவற்றில் கால் வைத்துக் கால் வைத்துப் போய்விடலாம். ஒரு கோவில் காடு, ஊருணிக்கரை ஆலமரம், பெரிய கல்வி வளாகம் எல்லாம் படிக்கல்தான். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வருவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்தார் என்பது ஊரறிந்த கதை, இன்று மேலேயிருந்து பார்த்தால் அந்த வளாகங்களின் மரங்கள் நகரத்துக்கு நடுவே ஒரு நல்ல படிக்கல்.

மையத்துக்கு நம் பக்கத்தில் வேட்டங்குடியை விட நல்ல உதாரணம் கிடையாது. திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் மூன்றும் சேர்ந்து 38.4 ஹெக்டேர், 1977-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. பறவை பயந்து போய்விடும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது, டிவியிலும் பேப்பரிலும் ஒவ்வொரு வருடமும் வரும். அந்தச் செய்தியில் வராத ஒரு விஷயம் உண்டு. அங்கே கூடு கட்டுகிற நத்தைகுத்தி நாரைக்கு அந்தக் கண்மாய் தூங்கவும் குஞ்சு பொரிக்கவும்தான். தீனி முக்கால்வாசி வெளியே. சுற்றுவட்டார வயல்களிலும் மற்றக் கண்மாய்களின் ஓரத்திலும் நத்தை பொறுக்கித்தான் குஞ்சுக்குக் கொண்டுவரும். சரணாலயத்தின் எல்லைக் கோடு கரையோடு முடிந்துவிடுகிறது, நாரையின் எல்லை முடியவில்லை. சுற்றியுள்ள வயலெல்லாம் தரிசாகிப் பிளாட் ஆனால், உள்ளே ஒரு மரத்தைக்கூட வெட்டாமலே அந்தச் சரணாலயத்தைக் காலி செய்துவிடலாம். மையத்தை மட்டும் வேலி போட்டுக் காப்பாற்றுவது ஏன் போதாது என்று யாராவது கேட்டால் நான் இந்த நாரையைத்தான் காட்டுவேன்.

இந்த முறை வெளிநாட்டில் எப்படி வளர்ந்தது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் மாநிலம் முழுமைக்கும் மையங்களையும் இணைப்புகளையும் வரைந்து, 2001-இல் கிரீன்பிரிண்ட் என்று ஒரு திட்டமே கொண்டுவந்து, படத்தில் முக்கியமாகத் தெரிந்த நிலங்களை விலைக்கு வாங்கிப் பாதுகாக்க ஆரம்பித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் தனக்கென ஒரு கொள்கை வகுத்தது. இரண்டிலிருந்தும் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் அளவுகோலை அப்படியே இறக்குமதி செய்தால் மாட்டிக்கொள்வோம். மேரிலாந்தில் தொடர்ந்த உட்காடு ஒன்று மையமாக வேண்டுமானால் குறைந்தது 250 ஏக்கர் இருக்க வேண்டும், ஈரநிலத்துக்கும் அதே 250 ஏக்கர்தான். நம் வேட்டங்குடி மொத்தமே சுமார் 95 ஏக்கர், அந்தக் கணக்கில் தேறவே தேறாது! திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீர கோவில் காட்டை 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், அதன் பரப்பு 4.97 ஹெக்டேர். நம் ஊரில் மிச்சமிருப்பதில் பாதி இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகள்தான். எனவே வரைய ஆரம்பிக்கும் முன், எந்த அளவு இருந்தால் பெரியது என்று ஊரைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது கையை நனைப்போம். கணினியில் வேலை செய்ய கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். வரைபடம் என்பது ஒரே படம் இல்லை, கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது போல. ஒரு தாளில் நீர்நிலை, ஒன்றில் காடு, ஒன்றில் ரோடு, ஒன்றில் நிலத்தின் மேடுபள்ளம், ஒன்றில் நில உரிமை. இஸ்ரோவின் புவன் தளம் 2009-லிருந்து இருக்கிறது, அதில் நிலப் பயன்பாடு பார்க்கலாம். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர், கண்மாய்களின் பழைய வடிவம் அதில் அழகாக இருக்கும். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் சில நாளுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கிறது. நவம்பர் படத்தை நம்பி உட்காராதீர்கள், மேகம்தான் தெரியும். தை மாதப் படம் ஒன்று, சித்திரைப் படம் ஒன்று எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது உண்மையில் தண்ணீர் நிற்கும் கண்மாய், எது பெயருக்குக் கண்மாய் என்று பிரிந்துவிடும்.

பச்சையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு உண்டு. இலை சிவப்பு ஒளியைக் குடித்துவிடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் -1 முதல் +1 வரை ஒரு எண் வரும், கூடுதலாக இருந்தால் பசுமை அதிகம். ஆரம்பத்தில் இதைப் போட்டுப் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கும், மாவட்டமே பச்சை பச்சையாக மின்னும். அங்கேதான் ஏமாறுவோம். ஆர்.எஸ்.பதி தோப்பும் பச்சை, கண்மாயின் உள்வாய் முழுக்க மண்டிய சீமைக்கருவேலமும் பச்சை, அய்யனார் கோவிலின் வீரையும் உசிலையும் பச்சை. அந்த எண்ணுக்கு மரத்தின் பெயர் தெரியாது. இதில் ஒரு சின்னத் தந்திரம் சித்திரைப் படம்தான். சுற்றியுள்ள புல்லும் புதரும் காய்ந்து கிடக்கும்போதும் சீமைக்கருவேலம் விடாமல் பச்சை காட்டும், தோப்பு நட்டது என்றால் ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். அப்படியும் சந்தேகம் வரும் இடங்களுக்கு டூவீலரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிடுவதே நல்லது.

அடுத்தது இணைப்பு கண்டுபிடிப்பது. ஒவ்வொரு வகை நிலத்துக்கும் கடக்கிற கஷ்டத்துக்கு ஏற்ப ஒரு மதிப்பெண் கொடுப்பார்கள். காட்டுக்கு 1, வயலுக்கு 10, தைலத் தோப்புக்கு 20, பெரிய ரோட்டுக்கு 80, ஊருக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை, யாருக்காக வரைகிறோமோ அதைப் பொறுத்து மாறும், கீரிக்கு ஒன்று, நாரைக்கு ஒன்று). பிறகு ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மொத்த மதிப்பெண் மிகக் குறைவாக வரும் வழி எது என்று கணினியைக் கேட்டால் கோடு போட்டுக் கொடுத்துவிடும். சந்தைக்குப் போகும் ஆடு எந்த ஒற்றையடிப் பாதையைப் பிடிக்கும் என்று கணக்கு போடுவது மாதிரிதான்.

விலங்குக்கு இது சரி. தண்ணீருக்கு வரும்போதுதான் நம் பக்கத்தில் கணினி சறுக்குகிறது. மலைப் பகுதியில் மேடுபள்ளத் தரவை வைத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கச்சிதமாகச் சொல்லிவிடலாம். இங்கே பிரான்மலை, குன்றக்குடி மாதிரி ஒன்றிரண்டு இடம் தவிர மீதியெல்லாம் தாம்பாளம். இலவசமாகக் கிடைக்கிற மேடுபள்ளத் தரவில் உயரம் பல மீட்டர் முன்னே பின்னே இருக்கும், நம் கண்மாய்க்கரையின் உயரமே சில மீட்டர்தான், கரையே அதன் பிழைக்குள் காணாமல் போய்விடுகிறது. செயற்கைக்கோள் படத்திலும் இதே கதை. சென்டினல் படத்தின் ஒரு சதுரம் 10 மீட்டர், வரத்துக்காலின் அகலம் மூன்று மீட்டர். அதாவது இந்த மொத்தக் கட்டமைப்பிலும் எது இல்லாவிட்டால் எல்லாம் நின்றுபோகுமோ, அது வானத்திலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

தெரிவது எங்கே என்றால் வருவாய்த் துறைப் பதிவில். உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணும் பட்டாவா புறம்போக்கா, புறம்போக்கு என்றால் கண்மாயா, வாய்க்காலா, மந்தையா என்று எழுதியிருக்கும். புலப்படத்தில், அதாவது எல்லோரும் எஃப்.எம்.பி. என்று சொல்கிறார்களே அதில், வாய்க்கால் இரட்டைக் கோடாக வளைந்து வளைந்து போகும். அரசின் இணையச் சேவையிலேயே இரண்டையும் பார்க்கலாம். ஒவ்வொரு சர்வே எண்ணாக எடுத்து, ஒட்டி ஒட்டி, கிராமம் முழுவதையும் ஒரே படமாக்குவது கழுத்தை ஒடிக்கிற வேலை, உண்மையைச் சொன்னால் முதல் வாரத்திலேயே விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஆனால் கடைசித் துண்டு ஒட்டியதும் ஊரின் எலும்புக்கூடு தெரியும்.

தேவகோட்டைக்கு மேற்கே ஒரு ஊருக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இப்படி வரைந்தோம். அந்த ஊர்க் கண்மாயை இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் தூர்வாரியிருந்தார்கள், கரை உயர்த்தி, கலுங்குக்கு சிமெண்ட் பூசி, போர்டும் வைத்து. நல்ல மழை பெய்த ஐப்பசியிலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. எஃப்.எம்.பி.யில் வரத்துக்கால் சுத்தமாக இருக்கிறது. அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு, ஆக்கிரமிப்பு என்று யாரும் புகார் சொன்னதும் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் அந்தத் தடம் முழுக்கப் பச்சை. மூன்று தாளும் எல்லாம் நலம் என்கின்றன, கண்மாய் மட்டும் நிறையவில்லை.

ஊரில் முன்பு நீர்ப்பாய்ச்சியாக (வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் திறந்துவிடுகிறவர்) இருந்த பெரியவர் ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், நாங்கள் கரைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். "வயித்தைப் பார்த்துக்கிட்டே நிக்கிறீகளே தம்பி, வாய் எங்கிட்டு இருக்குன்னு பார்த்தீகளா?" என்றார். அவர் முன்னால் நடக்க, நாங்கள் போனில் தடத்தைப் பதிந்துகொண்டே பின்னால் போனோம். முக்கால் மைல் இருக்கும். சீமைக்கருவேலம் முகத்தில் அடிக்க, ஓரிடத்தில் வாய்க்கால் ரோட்டைக் கடக்கிறது. ரோடு அகலப்படுத்தியபோது பழைய கல்பாலத்தை எடுத்துவிட்டு சிமெண்ட் குழாய் போட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் குழாய் சுத்தமாகத்தான் இருந்தது, அடைப்பு ஒன்றும் இல்லை. பெரியவர் கையிலிருந்த கம்பைக் குழாயின் அடிவிளிம்பில் வைத்து, அப்படியே கீழே வாய்க்கால் தரை வரைக்கும் இறக்கிக் காட்டினார். ஒரு முழம். குழாயை வாய்க்கால் தரையை விட ஒரு முழம் மேலே பதித்திருக்கிறார்கள்.

"தண்ணிக்கு ஏணியா போட்டுக் குடுப்பாக? அங்கிட்டு ஏறாதுல்ல, அப்படியே வடக்க திரும்பிப் பொட்டல்ல பரவிருது" என்றார். ரோட்டுக்கு வடக்கே பார்த்தால் உண்மைதான், கோரை முளைத்துக் கிடந்தது. படத்தில் எங்களுக்குப் பச்சையாகத் தெரிந்ததும் அதே கோரைதான்.

எங்கள் வரைபடத்தில் அந்த இடம் ஒரு சிவப்புப் புள்ளி. காடு, கண்மாய், கோவில் காடு என்று எத்தனை வண்ணம் தீட்டினாலும் ஊருக்கு உபயோகப்பட்டது அந்தப் புள்ளிதான் என்பது என் அபிப்பிராயம். தூர்வார ஒதுக்கிய பணத்தில் ஒரு துளி போதும் அந்தக் குழாயைக் கழற்றி இறக்கிப் போட. ஆனால் கண்மாயைத் தனியாக ஒரு வேலை, ரோட்டைத் தனியாக ஒரு வேலை என்று பார்க்கிறவரைக்கும் இரண்டு பேருமே தங்கள் வேலையைச் சரியாகத்தான் முடித்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தாளில் போட்டால்தான் தப்பு கண்ணில் படும்.

படம் கையில் இருந்தால் வேறு சில காரியங்களும் நடக்கும். ஏரி, கண்மாய்ப் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றவும் 2007-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, அதில் மனு போடும்போது "எங்கள் ஊர்க் கண்மாயைக் காணோம்" என்று எழுதுவதை விட சர்வே எண்ணோடு படத்தை இணைத்தால் கோப்பு நகரும். பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும், அதில் எழுதும் மரமும் பறவையும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று இந்தப் படத்திலேயே குறித்துவிடலாம். பக்கத்து மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி 2022-இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது, மலை, ஊற்று, குளம், கோவில் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கும் இடம் அது. மரம் நடுகிறவர்களுக்கும் உதவும்: கிடைத்த இடத்தில் குழி தோண்டாமல், இரண்டு கோவில் காட்டுக்கு நடுவே விடுபட்ட கரையாகப் பார்த்து நடலாம்.

நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் மாவட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள், ஒரு கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, மொத்தம் மூன்று. ஊர்ப் பெயரையும் தாளில் எழுதுங்கள், ஏந்தல், ஊருணி, வயல் என்று முடியும் பெயரெல்லாம் பழைய நிலத்தைச் சொல்லும். இலுப்பைக்குடியில் இலுப்பை இருக்கிறது, காரைக்குடிக்கே காரைச் செடியால் வந்த பெயர் என்றுதான் சொல்வார்கள். முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை போய் நடந்து பாருங்கள், தண்ணீர் எங்கே தயங்குகிறது என்று அன்றைக்குத்தான் தெரியும், நாலு நாள் கழித்துப் போனால் வெறும் சேறுதான். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், முள் குத்தினால் ஒரு வாரம் படுத்தும்.

அந்தக் குழாய் இன்னும் மாறவில்லை. மனு கொடுத்திருக்கிறோம், சர்வே எண், போட்டோ, கம்பு வைத்து அளந்த படம் எல்லாம் சேர்த்து. வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து ஊர்ச் சாவடியில் ஒட்டிவிட்டு வந்தோம். போன வாரம் பெரியவர் பேரனின் போனிலிருந்து கூப்பிட்டார். மேற்கே இன்னொரு சின்னக் கால் உண்டாம், அவருடைய அப்பா காலத்தில் ஓடியதாம். "படத்துல அதைக் காணோமே தம்பி, எப்ப வர்றீக?" என்றார்.